கட்டுக்கு இருபத்தைந்து

1

1996 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை மணி ஆறு பத்து. முந்தின நாள் மதியம் பிடித்த மழை விடவில்லை. காற்று இல்லை, இடி இல்லை, நேராகக் கொட்டும் மழை. அந்த நிமிடத்தில்தான் எங்கள் ஊர் பீடிக்கடை டெலிபோன் செத்துப்போனது. ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். கொர்ரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவ்வளவுதான்.

அதே நேரத்தில் மெல்போர்னில் மணி பதினொன்று நாற்பது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் என் மனைவி கோமதியின் நெஞ்சைத் திறந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஆபரேஷன் ஐந்து மணி நேரம் பிடிக்கும், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று என் மகன் சொல்லியிருந்தான். அவன் கூப்பிட வேண்டியது இந்த டெலிபோனுக்கு. எங்கள் ஊரில் அவனுக்குத் தெரிந்த நம்பர் இது ஒன்றுதான்.

இதை எழுதுவது மெல்போர்னில், சரியாக இரண்டு வருடம் கழித்து, அதே நவம்பர் 19-ல். பக்கத்து அறையில் கோமதி ரேடியோவை அலறவிட்டிருக்கிறாள். அவள் பிழைத்தாளா என்ற கவலையோடு யாரும் படிக்க வேண்டாம். அந்தக் கவலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஆளைப் பற்றி.

2

தபால் இலாகா கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் உத்தியோகம் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு 1989-ல் மகன் கூப்பிட்டு இங்கே வந்தோம். மத்திய அரசு பென்ஷன்காரன் நவம்பர் மாதத்தில் தான் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். இங்கேயே ஓர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் அனுப்பலாம். ஆனால் தபால் எப்படியெல்லாம் தொலையும் என்று முப்பத்து நான்கு வருடம் பார்த்தவனாயிற்றே. நானே போய் நிற்கிறேன் என்று அந்த வருடம் கிளம்பிவிட்டேன். "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சொல்ல இத்தனை செலவா?" என்றாள் கோமதி. வழியனுப்ப வந்தபோது அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். படுக்கப்போகுமுன் அடுப்பின் நான்கு திருகுகளையும் மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். டிராம் ஏறினால் இறங்குமிடம் வரை நிறுத்தங்களை எண்ணுவேன், பலகையில் பெயர் எழுதியிருந்தாலும் எண்ணுவேன். பேத்தி கல்யாணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'கேல்'. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு என்று தினமும் சொல்வேன். ஒரு நாள் அவள் நின்று, இங்கிலீஷையும் தமிழையும் கலந்து கேட்டாள்: "தாத்தா, ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி நான் சாவேன்னு நீ நினைக்கிறே?"

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்புக்கு ஒன்று, ரோடு தாண்ட ஒன்று, நீச்சல் வகுப்புக்கு ஒன்று. குறைந்தது மூன்று.

ஊரில் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். அவர்கள் குடும்பத்தோடு நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். 18-ந் தேதி மாலை ஏழு மணிக்குப் பீடிக்கடையிலிருந்து ஆள் வந்து, போன் என்றார். மகன்தான். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி வந்தது, ரத்தக்குழாய் மூன்று இடத்தில் அடைத்திருக்கிறது, நாளைக் காலை பதினோரு மணிக்கு ஆபரேஷன். எனக்கு வெள்ளிக்கிழமைக்கு முன் எந்த விமானத்திலும் இடம் இல்லையாம். அதையும் அவனே விசாரித்துவிட்டான். "நீங்க பயப்படாம இருந்தா போதும்ப்பா" என்று வைத்துவிட்டான்.

செய்ய முடியாத வேலையை எத்தனை சுலபமாகச் சொல்கிறார்கள்.

3

எங்கள் ஊர் ஆற்றுக்குத் தென்கரையில், அம்பாசமுத்திரம் என்கிற அம்பைக்கு ஆறு மைல். ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. அதன் மேல் ஒரு தரைப்பாலம். அன்று இரவே பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் போனது. பஸ் வரவில்லை. அம்பைக்குப் போய் வேறு போனில் பேசலாமென்றால் வழியில்லை. வழி இருந்தாலும் போயிருக்க மாட்டேன், நான் அங்கே போன நேரத்தில் இங்கே மணி அடித்துவிட்டால்?

பீடிக்கடை என்றால் பீடி விற்கிற கடை அல்ல. ஊர்ப் பெண்களுக்கு இலையும் தூளும் கொடுத்து, அவர்கள் சுற்றிய பீடியைத் திரும்ப வாங்கிச் சரிபார்த்து, பாஸ் புத்தகத்தில் எழுதிக் கூலி போடுகிற இடம். நடத்துபவர் சுடலைமுத்து, ஐம்பது வயது, கடைக்குப் பின்னாலேயே வீடு. அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு நான் போய்க் கதவைத் தட்டியபோது பனியனோடு வந்து திறந்துவிட்டார்.

பெண்கள் சாதாரணமாக அவரவர் வீட்டில்தான் சுற்றுவார்கள். அன்று வீடு ஒழுகுகிறவர்கள் ஐந்து பேர், தூள் நனைந்துவிடும் என்று ஏழு மணிக்கெல்லாம் கடையின் முன்னறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு சுளவு, அதாவது முறம், மடியில், அதில் வெட்டிய இலை, தூள், நூல். நான் டெலிபோன் மேசைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். போக ஒன்பது காலடி, வர ஒன்பது காலடி. மேசைக்கு வரும்போதெல்லாம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். எட்டு மணிக்குள் நாற்பத்தொரு தடவை.

"அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து, "நீங்க நிமிசத்துக்கு ஒருக்கா தூக்கிப் பிடிச்சா, வார போனும் மணியடிக்காதுல்லா?"

"செத்துக் கெடக்க போன்ல எப்படிவே மணியடிக்கும்?"

"உசுரு வந்தா அடிக்கணும்லா? அது வாரப்போ நீங்க கையில வச்சிருந்தா?"

நியாயம். வைத்தேன். வைத்துவிட்டு அறைக்கே கேட்கும்படி ஒரு உத்தரவு போட்டேன்: "லைன் வந்தா யாரும் போனைத் தொடக்கூடாது. ஒருத்தரும். என் மகன் கூப்பிடணும்." ஐந்து பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அந்த உத்தரவை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அவர்களில் மூத்தவள் முப்பிடாதி. நாற்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, இன்னொன்றை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தேன், வேறெங்கும் பார்க்க முடியாததால். இலையை எடுப்பது, தூளைப் பரப்புவது, உருட்டுவது, முனையை மடக்குவது, நூலால் ஒரு சுற்று. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு மூன்று. பத்து நிமிடம் பார்த்தேன், முப்பது. கண் கையில் இல்லை. வாய் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஆவுடையோடு பேசிக்கொண்டிருந்தது. விரல்கள் தாமாக ஓடின. என் நெஞ்சு அப்போது நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு அடித்தது, அதையும் எண்ணியிருந்தேன். ஒரே அறையில், ஒரே மழையில், ஒரு மனுஷிக்கு இப்படி இருக்க முடிகிறதே என்று எனக்கு வியப்பாக இருந்தது. இவளுக்குக் கவலையே கிடையாது போலிருக்கிறது என்று கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

"அண்ணாச்சி, இங்கன வந்து இருங்க" என்றாள் அவள். "நடந்து நடந்து தரை தேயுது. பிள்ளையளுக்குக் கை ஓடமாட்டேங்கு."

"எம்மா, என் நிலைமை உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆபரேஷன், அஞ்சு மணி நேரம், மூணு அடைப்பு. காலையில இருந்து ஏழு தடவை சொல்லிட்டிய."

"எட்டு" என்றாள் ஆவுடை.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எட்டுதான், நானும் எண்ணியிருந்தேன்.

4

போன மாதம் இங்குள்ள டாக்டர் என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பினார். கவலையைச் சமாளிக்கிற வகுப்பு. புதன்கிழமை தோறும் பத்தரை முதல் பன்னிரண்டு வரை, எங்கள் பேட்டை நூலகத்தின் மாடியில், ஆறு வாரம். பதினோரு பேர் வருகிறார்கள். கிரேக்கர் மூவர், இத்தாலிக்காரர் இருவர், வியட்நாம் அம்மாள் ஒருவர், மிச்சம் இந்த ஊர்க்காரர்கள். எல்லாருக்கும் பிஸ்கட் உண்டு.

முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள். இருபது கேள்வி. 'கடந்த இரண்டு வாரத்தில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றியதா?' சைபர் முதல் மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். நான் கூட்டிப் பார்த்தேன், அறுபதுக்கு நாற்பத்திரண்டு. ஆசிரியையிடம் கொண்டுபோய், தேர்ச்சிக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். இது கூடக்கூட நல்லதில்லை என்று மெதுவாக விளக்கினாள். நானோ ஒவ்வொரு கேள்விக்கும் முழு மனதோடு பதில் எழுதியிருந்தேன்.

அப்புறம் மூச்சு. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணுவதுதான் என் வியாதி, அதையே மருந்தாகவும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் பழித்துச் சொல்லவில்லை. செய்கிறேன், பலனும் இருக்கிறது. நேற்றைய வகுப்பில், 'மன உறுதி உள்ளவர் என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றாள் ஆசிரியை. அவரவர் அப்பா, அம்மா, யுத்தத்தில் இருந்த மாமா என்று சொன்னார்கள். நான் முப்பிடாதியைச் சொல்ல எழுந்தேன். பீடிக்கு இங்கிலீஷில் என்ன என்று தேடினேன். இலையில் சுற்றிய சிறிய சிகரெட் என்றேன். அறையில் எல்லோர் முகமும் மாறியது. புகையிலை உடம்புக்குக் கெடுதல் என்று ஒருவர் அன்போடு எடுத்துச் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குப் பீடியை விளக்க வேண்டியதில்லை.

5

எட்டேகால் மணி இருக்கும். முப்பிடாதி தான் கட்டி வைத்திருந்த கட்டுகளை என் பக்கம் நகர்த்தினாள். முந்தின நாள் மாலையிலிருந்து சுற்றியது, முப்பத்தொரு கட்டு.

"தபால் ஆபீஸ்ல கணக்குப் பாத்த கைதான? இதை எண்ணிப் போடுங்க. கட்டுக்கு இருபத்தஞ்சு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அக்கா கட்டை எண்ணணுமாக்கும்?" என்று ஒருத்தி கேலி செய்தாள். "கடைக்கார அண்ணாச்சியே எண்ணமாட்டாரு."

"பதினெட்டு வருசமா எண்ணுனதில்ல" என்றார் சுடலைமுத்து, கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல். "தூக்கிப் பாத்தாலே தெரியும். முப்பிடாதி கட்டு தராசுப் படிக்கல் மாதிரி."

என் வாயை அடைக்கத்தான் கொடுக்கிறாள் என்று தெரிந்தது. இருந்தாலும் கொடுத்தது எனக்குப் பிடித்த வேலை. தரையில் உட்கார்ந்தேன். கட்டைப் பிரிக்க வேண்டாம், மடக்கிய முனைகளைத் தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணலாம். முதல் கட்டு இருபத்தைந்து. இரண்டாவது இருபத்தைந்து. மூன்றாவதும் அப்படியே. நான்காவதை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"இருபத்தாறு!" என்று கத்தினேன். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் தப்பு கண்டுபிடித்தபோதெல்லாம் வந்த அதே குரல், அதே சந்தோஷம்.

அறை சிரிக்கவில்லை. பெண்கள் முப்பிடாதியைப் பார்த்தார்கள். அவள் கட்டை வாங்கி, ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்து, ஒரு பீடியை உருவிச் சுளவில் போட்டாள்.

"கூடத்தான் இருக்கு. எண்ணுங்க, அண்ணாச்சி."

முகத்தில் எதுவும் இல்லை. கை மறுபடி ஓடத் தொடங்கியது, நிமிடத்துக்கு மூன்று. ஆறாவது கட்டில் இருபத்து நாலு. எட்டாவதில் இருபத்தேழு. இந்த முறை நான் கத்தவில்லை.

அவள் எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் தெரு முனை வரை போனாள். காலையிலிருந்து அவள் இப்படிப் போவது நான்காவது தடவை. அதையும் நான் எண்ணித்தான் வைத்திருந்தேன், எதற்குப் போகிறாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. அவள் தலை மறைந்ததும் ஆவுடை என் பக்கம் குனிந்தாள்.

"சத்தம் போடாதிய, அண்ணாச்சி. அவ மக செல்வி அம்பை ஆஸ்பத்திரில கெடக்கா. தலைப்பிரசவம். நேத்து சாயங்காலம் வலி எடுத்து இவ தங்கச்சி கூட்டிக்கிட்டுப் போயிருக்கா. இவ துணிமணி எடுத்துக்கிட்டு காலைல மொத பஸ்ஸுக்குப் போவதா இருந்தா. ராத்திரி ஓடையில தண்ணி வந்துட்டு."

"பிறகு?"

"பிறகு என்ன? தண்ணி வடியுதான்னு பாக்கப் போறா, வாரா. பிள்ளை குறுக்கத் திரும்பிக் கெடக்குனு டாக்டரம்மா சொன்னாவளாம். கத்தி வைக்கணுமோ என்னமோ. ஆஸ்பத்திரிக்கு எதுத்த டீக்கடையில போன் இருக்கு. தங்கச்சி அங்கன இருந்து இந்தக் கடைக்குத்தான் அடிப்பா."

"இத்தனை நேரம் என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

ஆவுடை என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க எங்கன சொல்ல விட்டிய? போனைத் தொடக்கூடாதுனு சொன்னப்போ நான் வாயைத் தொறந்தேன். அக்காதான் தொடையில கிள்ளி, பைய இரு, அண்ணாச்சி பாடு பெரும்பாடா இருக்குனுட்டா."

எட்டு தடவை என் கதையைச் சொன்னேன். அந்த எட்டு தடவையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவள் சேலையைப் பிழிந்துவிட்டு, சுளவை மடியில் எடுத்து வைத்தாள். "எத்தனை ஆச்சு, அண்ணாச்சி?" என்றாள். "பத்து" என்றேன். "எல்லாம் சரியா?" "சரியா இருக்கு."

பொய். ஆனால் அதன் பிறகு நான் செய்தது இதுதான். ஒவ்வொரு கட்டாக எண்ணினேன். இருபத்தாறில் ஒன்றை உருவி இருபத்து நாலில் செருகினேன். நூலைத் தளர்த்தி, முனைகளைத் தட்டிச் சமப்படுத்தி, மறுபடி கட்டினேன். எனக்குக் கட்டத் தெரியாது, முதல் இரண்டு கட்டுகள் கலைந்தன. பிறகு வந்துவிட்டது. மேசையிலிருந்து சுடலைமுத்து பார்ப்பது தெரிந்தது. பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் தலையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டார். முப்பத்தொரு கட்டில் ஒன்பது தப்பு. ஒன்பதும் முந்தின நாள் மாலை வலி எடுத்த பிறகு கட்டியவையாகத்தான் இருக்க வேண்டும். அவள் முகம் பார்த்து ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பேச்சிலும் தெரியவில்லை, வேகத்திலும் தெரியவில்லை. அவள் பயம் அவளிடமிருந்து வெளியே வந்த ஒரே வழி அந்த எண்ணிக்கை. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் நாடியை எண்ணிக்கொண்டிருந்தான்.

அன்று பத்தரை தாண்டியது, பதினொன்று தாண்டியது. நான் ரிசீவரை எடுக்கவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், போகவில்லை. ஆனால் அது அறையில் இருக்கிற ஒரே பயமாக இல்லை. அப்படி இல்லாததில் ஏதோ ஒரு ஆறுதல் இருந்தது. அதற்குப் பெயர் எந்தத் தாளிலும் கொடுக்கவில்லை. சுடலைமுத்துவின் வீட்டம்மாள் எல்லோருக்கும் கஞ்சியும் துவையலும் கொடுத்தாள். முப்பிடாதி சாப்பிட்டதைப் பார்த்து நானும் சாப்பிட்டேன்.

6

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மணி அடித்தது.

நான் எழுந்த வேகத்தில் கட்டுகள் உருண்டன. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தேன். "ஹலோ! ஹலோ!"

ஒரு பெண் குரல், எங்கோ கிணற்றுக்குள் இருந்து: "பீடிக்கடையா? முப்பிடாதி அக்கா இருக்காளா?"

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அப்போது மெல்போர்னில் இரவு எட்டு ஐம்பது. ஆபரேஷன் முடிந்து ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவாக ஆகியிருக்க வேண்டும். இந்த ஒரே கம்பியில், இந்த நிமிடத்தில் என் மகன் முயன்றுகொண்டிருப்பான். லைன் எப்போது மறுபடி போகும் என்று தெரியாது. 'ராங் நம்பர்' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. வந்தது உண்மை.

திரும்பிப் பார்த்தேன். முப்பிடாதி எழுந்திருக்கவில்லை. கையில் பாதி சுற்றிய பீடி. யாருக்கு போன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை. நான் கொடுத்தால் வாங்கலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத்தாம்மா" என்று நீட்டினேன்.

அவள் வந்து வாங்கி, காதோடு அழுத்திக்கொண்டாள். "சொல்லு" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அதை நிறுத்த முடியாது. முப்பத்திரண்டு விநாடிக்குப் பிறகு, "பொட்டப்பிள்ளையா?" என்றாள். "கத்தி வைக்கலையா? தானா திரும்பிட்டா? செல்வி பேசுதாளா?" அப்புறம் என் பக்கம் பார்த்து, அவசர அவசரமாக, "சரி வச்சிருதேன், இங்கன அண்ணாச்சிக்கு போன் வரணும்" என்றாள்.

நான் கையை ஆட்டினேன். "பைய பேசு. பைய. எல்லாம் கேட்டுக்கோ."

என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே நம்பிக்கையில்லை. அவள் மறுபடி ரிசீவரைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை எத்தனை எடை, அழுததா, பால் குடித்ததா, சேனை யார் தொட்டு வைக்கிறது என்று கேட்டாள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் முதலாக ஒரு சொட்டு சீனித் தண்ணீர் வைப்பதுதான் சேனை. வைக்கிற ஆளின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "நான் வாரவரைக்கும் யாரும் வைக்க வேண்டாம்" என்றாள். இருநூற்று இருபத்தாறு விநாடி. வைத்தாள்.

வைத்த மறுநிமிடமே மணி அடித்தது. என் மகன். "அஞ்சு மணி நேரமா போட்டுக்கிட்டு இருக்கேன்பா, இப்பதான் ரிங் போகுதுன்னு பார்த்தா என்கேஜ்டு! யாருப்பா பேசினது?"

"பேத்தி பொறந்திருக்கா" என்றேன். அவன் குழம்பிவிட்டான். அவனைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு அவன் சொன்னான், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மூன்று இடத்திலும் மாற்றிவிட்டார்கள், அம்மா இன்னும் மயக்கத்தில், நாளைக்குக் குழாய் எடுப்பார்கள். "ரெண்டு மணி நேரம் இதயத்தை நிறுத்தி வச்சிருந்தாங்கப்பா. ஒரு மெஷின்தான் ரத்தத்தை ஓட்டிச்சு. அப்புறம் அதுவாவே அடிக்க ஆரம்பிச்சுதாம்."

எந்த நேரத்தில் நின்றது என்று கேட்டேன். அவன் டாக்டர் சொல்லிக் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னான். எங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஏழே கால் முதல் ஒன்பதே கால். மேசைக்கும் வாசலுக்கும் ஒன்பது காலடி நடந்ததும், நாற்பத்தோராவது தடவை ரிசீவரை எடுத்ததும், "இருபத்தாறு!" என்று கத்தியதும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான். நாற்பது வருடம் என் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த அந்த இதயம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நின்று கிடந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு பீடியை உருவி இன்னொரு கட்டில் செருகிக்கொண்டிருந்தேன். அது மறுபடி ஓடியது நான் பயந்ததால் அல்ல. நான் பயப்படாமல் இருந்தாலும் ஓடியிருக்கும். யாரோ சிலர், தங்கள் கை வேலையில் கவனமாக, அதை மறுபடி ஓடவிட்டார்கள். உலகத்தில் எத்தனை பேர் இப்படிச் சிந்தாமல் சிதறாமல் கைவேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

7

ஐந்து மணிக்கு மழை விட்டது. தரைப்பாலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரு டிராக்டர் மெயின் ரோடு வரை ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. முப்பிடாதி ஏறினாள். நானும் ஏறினேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. அங்கிருந்து அம்பைக்கு அந்த டிராக்டர்காரரே கொண்டுபோய் விட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஏற்கனவே தாய்ப்பால் கொடுக்க வைத்துவிட்டாள். சேனை மட்டும் பாக்கி. முப்பிடாதியின் தங்கச்சி மாரி என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணாச்சி படிச்சவிய, வெளிநாடு கண்டவிய. அவியளே தொட்டு வைக்கட்டும்" என்றாள்.

"ஐயையோ" என்றேன். "என் குணம் வந்தா பிள்ளை ஒரு நாள் தூங்காது."

"கணக்காவது வரும்லா" என்றாள் முப்பிடாதி. அன்று முழுக்க அவள் சிரித்தது அப்போதுதான்.

எதிர்த்த கடையில் நான் சீனி வாங்கி வந்தேன். தண்ணீர் கொதித்து ஆறியதுதானா என்று நர்ஸிடம் மூன்று முறை கேட்டேன். கிண்ணத்தை நான் பிடித்தேன். முப்பிடாதி விரலை நனைத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

கை நடுங்கியது. ஆயிரம் பீடி சுற்றிய கை, காலையிலிருந்து ஒரு தூள் சிந்தாத கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெடவெடவென்று ஆடியது. சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது தடவை மூக்கில் விழுந்தது. குழந்தை தும்மியது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் அழுதாள். இருபத்து நாலு மணி நேரமாக எங்கே வைத்திருந்தாளோ, அத்தனையும்.

நான் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். என் கை அசையவில்லை. அதை நானே ஆச்சரியமாகப் பார்த்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, அவள் மணிக்கட்டின் கீழே என் இடது கையை வைத்துத் தாங்கிக்கொண்டேன். மூன்றாவது சொட்டு சரியாக நாக்கில் விழுந்தது. பிள்ளை சப்புக்கொட்டியது.

அன்றைய என் செலவையும் எழுதிவிடுகிறேன்: டிராக்டருக்கு இரண்டு பேருக்கு நாலு ரூபாய். நூறு கிராம் சீனி ஒரு ரூபாய் ஐம்பது காசு. மூன்று டீ மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு. திரும்பும்போது, பிள்ளை பிறந்த செய்தி கேட்டு, டிராக்டர்காரர் காசு வாங்கவில்லை. ஆக மொத்தம் ஒன்பது ரூபாய் இருபத்தைந்து காசு.